மலைநாட்டிலிருந்து பாலைவனத்துக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

இலங்கை மலைநாட்டில் வட்டவளையிலோ மஸ்கெலியாவிலோ பிறந்து வளர்ந்த ஒருவர் வீட்டில் போய் "பாலைவனம் பார்க்கப் போகிறேன்" என்று சொன்னால், முதல் கேள்வி "அங்க என்ன இருக்கு பார்க்க?" என்பதுதான். குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போய் வந்தவர்கள் இருக்கிற வீடு என்றால் கேள்வி இன்னும் கொஞ்சம் சூடாக வரும்: "நாங்க அங்க பட்டது போதாதா, நீ காசு குடுத்து வேற போகணுமா?" இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்படிப் போன நம் பெண்களில் பலர் பார்த்தது யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையையும் அதன் ஜன்னலையும்தான், பாலைவனம் அந்த ஜன்னலுக்கு வெளியே எங்கோ இருந்தது. முதல் கேள்விக்குப் பதில் உண்டு.

நம் பக்கத்தில் கண் எதிலாவது போய் முட்டிக்கொண்டே இருக்கிறது. எதிர் மலை, யூக்கலிப்டஸ் வரிசை, பகல் பன்னிரண்டுக்கே இறங்கிவிடுகிற மூடுபனி. தட்டையான வெளியில் நிற்கிற ஒரு ஆளின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 4.5 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். 30 மீற்றர் உயர மணல்மேட்டில் ஏறினால் அது 20 கிலோமீற்றராகிவிடும். அவ்வளவு தூரம் எதுவும் குறுக்கே வராமல் பார்ப்பது நமக்குப் பழக்கமே இல்லாத விஷயம், முதல் நாள் கொஞ்சம் தலை சுற்றுகிற மாதிரிகூட இருக்கும். இன்னொன்று, சரிவைப் பார்த்ததும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், கான் (வடிகால்) எங்கே வெட்டணும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தக் கண்ணோடு பாலைவனத்துக்குப் போனால், கொழும்பிலிருந்து போகிறவருக்குத் தெரியாத பல விஷயங்கள் உங்களுக்குத் தெரியும். மரமும் புல்லும் தேயிலையும் மூடாத நிலம் அது. காற்றும் தண்ணீரும் செய்த வேலை எல்லாம் வெளியே தெரிகிறபடி கிடக்கிறது.

சரி, படிப்படியாகப் போவோம்.

படி 1: மணல் மட்டும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்

ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்கிற இடத்தைப் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கணக்குப்படி உலகத்தின் மிகப் பெரிய பாலைவனம் அந்தாட்டிக்கா. உலகப் பாலைவனங்களில் மணல் மூடிய பரப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், மிச்சமெல்லாம் பாறை, சரளைக்கல், முள்ளுப் புதர், உப்புத் தரை. ஆகவே ஜீப்பில் போகும்போது ஒரு மணி நேரம் வெறும் கல்லும் புதரும் மட்டும் வந்தால் டிரைவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், பாலைவனத்துக்குள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள்.

படி 2: நாட்டுக்குள்ளேயே ஒரு ஒத்திகை

இலங்கையில் உண்மையான பாலைவனம் கிடையாது. ஆனாலும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காசைக் கொட்டுமுன், வெட்டவெளியும் வறட்சியும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள இங்கேயே இடம் இருக்கிறது.

முதலில் ஆடி, ஆவணியில் பண்டாரவளைப் பக்கம் போங்கள். தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, நோர்ட்டன் பக்கச் சரிவுகளில் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவில் காய்ந்த காற்றாக இறங்குகிறது. கச்சான் என்று சொல்வோமே, அதுதான். பதுளை, பண்டாரவளைப் பக்கத் தேயிலைக்கு அந்த யூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் பேர்போன வாசனை வருகிறது, அதற்குக் காரணமும் இந்தக் காய்ந்த காற்றுதான். உதடு வெடிக்கிறது, பட்னாப் புல்லெல்லாம் (மலைச்சரிவுப் புல்வெளி) மஞ்சளாகிறது. ஒரே மலையின் ஒரு பக்கம் நனைந்து ஊற, மறு பக்கம் காய்கிறது. இதை ஒருமுறை கவனித்துப் பார்த்தவருக்குப் பாலைவனம் எப்படி உருவாகிறது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜஸ்தானில் ஆரவல்லி மலைத்தொடர் அரபிக்கடல் பருவக்காற்று வீசுகிற திசையிலேயே நீளவாக்கில் கிடக்கிறது, குறுக்கே நின்று காற்றை மேலே தள்ளுவதில்லை, அதனால் மேகம் மழையைக் கொட்டாமலே போய்விடுகிறது. வங்காள விரிகுடாப் பக்கமிருந்து வருகிற காற்றோ அங்கே வந்து சேர்வதற்குள் ஈரத்தையெல்லாம் வழியிலேயே கொடுத்துவிடுகிறது. தார் பாலைவனம் உருவானதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அப்புறம் மணல். வடமராட்சி கிழக்கில் மணல்காடு இருக்கிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாண பஸ், அங்கிருந்து பருத்தித்துறை, அதன் பிறகு ஓட்டோ. கடலோர மணல்மேடுகள், மணலை நிறுத்த நட்ட சவுக்குக் காடு, மணலுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள். காற்றுக்கு நேரமும் கொஞ்சம் மணலும் கிடைத்தால் ஒரு கட்டடத்தை என்ன செய்யும் என்பதை அந்தச் சுவர்களில் பார்க்கலாம். மன்னாரும் நல்ல ஒத்திகை: தலைமன்னார் முனையில் மணல் திட்டுகள், தீவுக்குள் பெருக்க மரங்கள், சாலையில் திரிகிற கழுதைகள். இந்த இரண்டு இடத்திலும் காலை ஆறரைக்கு ஒருமுறை, மத்தியானம் ஒரு மணிக்கு ஒருமுறை, இருட்டின பிறகு ஒருமுறை என்று ஒரே மணல்மேட்டில் போய் நின்று பாருங்கள். மூன்று தடவையும் அதே இடத்தைப் பார்த்த மாதிரி இருந்தால் பாலைவனம் உங்களுக்கு வேண்டாம், அந்தக் காசில் வேறு எங்காவது போகலாம்.

படி 3: எந்தப் பாலைவனம்?

நம் பையின் கனத்துக்கும் பழக்கத்துக்கும் மூன்று தெரிவுகள் பொருந்தும்.

திருச்செந்தூருக்குக் கும்பிடப் போகிறவர்கள் நம்மில் நிறைய. அங்கே இருந்து கொஞ்ச தூரத்திலேயே தேரிக்காடு, குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேடுகள் இருக்கின்றன. காற்று கொண்டுவந்து குவித்த மணல், ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஒக்சைட்டுப் பூச்சு, அதனால்தான் அந்தச் சிவப்பு. மழைக் கணக்கில் இது பாலைவனம் ஆகாது, பனையும் முந்திரியும் உடை மரமும் நிற்கும். ஆனால் தமிழ் பேசுகிற ஊரில், பஸ்ஸில் போய் இறங்கி, தேரிக்குடியிருப்பு அய்யனார் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செம்மணலில் நடக்க முடிகிறது என்றால் வேறென்ன வேண்டும். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

இரண்டாவது வளைகுடா. மகனோ அக்காவோ டுபாயிலோ மஸ்கட்டிலோ இருந்தால் தங்கும் செலவு மிச்சம். ஓமானின் ஷர்கியா மணல்வெளி (வஹீபா என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்) மஸ்கட்டிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர். அபுதாபியின் லிவா பக்கத்தில் மணல்மேடுகள் மலை மாதிரியே நிற்கும், மொரீப் மேடு ஏறத்தாழ 300 மீற்றர் என்கிறார்கள். டுபாயில் விற்கிற "டெஸர்ட் சஃபாரி" பற்றி ஒரு வார்த்தை: ஜீப்பை மணல்மேட்டில் ஏற்றி இறக்கிக் குலுக்கி, இரவுச் சாப்பாடும் நடனமும் போட்டு, ஒன்பது மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அதில் பாலைவனம் மட்டும்தான் இல்லை. சாப்பிட்டது வெளியே வருவதோடு சரி.

மூன்றாவது, ராஜஸ்தானின் தார். ஏறத்தாழ இரண்டு லட்சம் சதுர கிலோமீற்றர், உலகத்திலேயே மக்கள் நெருக்கமாக வாழ்கிற பாலைவனம் என்று பெயர். மணலோடு மனுசரும் கோட்டையும் சாப்பாடும் பாட்டும் இருப்பதால் முதல்முறை போகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. இனி வருகிற படிகள் பெரும்பாலும் ஜெய்சல்மேரை மனதில் வைத்து எழுதியவை, மற்ற இடங்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 4: மாதமும் நிலவும்

நவம்பர் முதல் பெப்ரவரி வரை. இதில் பேரம் பேச வேண்டாம். மே மாதத்தில் ஜெய்சல்மேரில் 42 பாகையைத் தாண்டுவது சாதாரணம். 2016 மே மாதத்தில் அதே பாலைவனத்தில் இருக்கிற பலோதியில் 51 பாகை பதிவானது. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான், அந்தக் குளிரில் வளர்ந்த உடம்பு கடும் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், நமக்கோ மொத்த லீவே ஒரு வாரம். ஏப்ரல் லீவில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினாலும் போகாதீர்கள். ஏப்ரல் முதல் யூன் வரை புழுதிப்புயல் காலமும்கூட.

மாதத்தைப் போலவே முக்கியம் நிலவு, இதை யாரும் சொல்வதில்லை. கலண்டரை எடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். நட்சத்திரம் வேண்டும் என்றால் அமாவாசையை ஒட்டிப் போகணும். மணல்மேட்டில் இரவில் டோர்ச் இல்லாமல் நடக்கணும், உங்கள் நிழலே மணலில் விழுவதைப் பார்க்கணும் என்றால் பௌர்ணமியை ஒட்டி. வடநாட்டு மாக மாதத்துப் பௌர்ணமியையொட்டி (பெரும்பாலும் பெப்ரவரியில்) ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும், பார்க்க அழகு, ஆனால் அந்த நாட்களில் அறை விலையும் கூட்டமும் எக்கச்சக்கம். இன்னொரு சின்ன விஷயம்: படங்களில் பார்க்கிற பால்வீதியின் அந்தப் பிரகாசமான நடுப்பகுதி மார்கழி, தை மாதத்து முன்னிரவில் தெரியாது, அப்போது வானத்தை ஆள்வது மிருகசீரிடமும் திருவாதிரையும்தான். அதுவே போதும் போதும் என்று இருக்கும், மூடுபனி இல்லாத வானம் நமக்கு எங்கே கிடைக்கிறது.

படி 5: விசாவும் வழியும்

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இந்திய ஈ-விசா உண்டு. அரசாங்க இணையத்தளத்தில் மட்டும் போடுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு கறக்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன. கட்டுநாயக்கவிலிருந்து பல விமானங்கள் விடியற்காலையில் கிளம்பும், ஹட்டனிலிருந்து அதே இரவு இறங்கி ஓடுவதைவிட முதல் நாளே நீர்கொழும்பில் தங்கிவிடுவது நல்லது, மலைப்பாதையில் மண் சரிந்தால் விமானம் காத்திருக்காது.

சென்னை வழியாகப் போவதென்றால், அங்கிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் வாரத்தின் சில நாட்களில் மட்டும் உண்டு, கிட்டத்தட்ட இரண்டு நாள் பயணம். நேரம் இருந்தால் அதில் போங்கள். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, மண் வெளிறி, மரங்கள் குட்டையாகி, கடைசியில் முள்ளாக மாறுவதை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், பாலைவனத்தில் திடீரென்று போய் இறங்குகிறவருக்கு அது கிடைக்காது. நேரம் இல்லாதவர்கள் டில்லிக்குப் பறந்து அங்கிருந்து இரவு ரயில் பிடிக்கலாம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ரயிலில் ஐந்தாறு மணி நேரம்.

கவனிக்க: ஜெய்சல்மேருக்கு மேற்கே பாகிஸ்தான் எல்லை. எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு வெளிநாட்டவர் அனுமதி வாங்க வேண்டும், முகமும் நிறமும் பேச்சும் தமிழ்நாட்டுக்காரர் மாதிரி இருந்தாலும் நாம் வெளிநாட்டவர்தான். "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், நான் கூட்டிட்டுப் போறேன்" என்கிற டிரைவர் பேச்சை நம்பி அந்தப் பக்கம் போகாதீர்கள். ட்ரோன் கொண்டு போவதை மறந்துவிடுங்கள்.

படி 6: பையில் என்ன

இந்த விஷயத்தில் நமக்கு மற்ற எல்லோரையும்விட வசதி. தை மாதத்தில் தேயிலை கருகுகிற அளவு பனி விழுகிற நுவரெலியாக்காரருக்குக் குளிர் உடுப்பு பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே சுவெட்டர், அதே குல்லா, அதே கம்பளிச் சால்வை. தை மாதப் பகலில் 23, 24 பாகை, இரவில் 7, 8 பாகை, திறந்த மணலில் அதைவிடவும் இறங்கும். காற்றில் நீராவி இல்லை, மேகமும் இல்லை, பகல் முழுக்க மணல் வாங்கிய சூடு பொழுது சாய்ந்ததும் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. வெள்ளைக்காரப் பயணிகள் அரைக் காற்சட்டையோடு வந்து இரவில் நடுங்குவதைப் பார்க்கலாம்.

வேறு வேண்டியவை: நீளக்கை மெல்லிய பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, மூக்கு வாயைச் சுற்றிக்கட்ட ஒரு நீளத் துணி, கறுப்புக் கண்ணாடி, மூடிய சப்பாத்து, டோர்ச், ஒரு கை நிறைய ஜீவனி பக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்), உதட்டுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் வாசலின். கெமராவும் போனும் போட்டு வைக்க ஸிப் போட்ட பொலித்தீன் பை, மணல் புகுந்த கெமராவைத் திருத்துகிற செலவில் இன்னொரு பயணம் போய்விடலாம். வெளியில் லென்ஸ் கழற்றவே கூடாது. குடை வேண்டாம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் வேண்டாம், அந்த ஒரு நிம்மதிக்காகவே பாலைவனத்துக்குப் போகலாம்.

படி 7: மணலுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஜெய்சல்மேரில் இறங்கியதும் எல்லோரும் நேரே மணல்மேட்டுக்கு ஓடுகிறார்கள். ஒரு முழு நாள் பொறுங்கள். 1156இல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் மஞ்சள் கல் கோட்டை ஊருக்கு நடுவே குன்றின் மேல் நிற்கிறது, 2013 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது, இன்றும் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் உள்ளே அறை எடுக்காதீர்கள். சொட்டுச் சொட்டாகச் செலவழித்த காலத்துக்குக் கட்டிய கோட்டை அது, இப்போது ஹோட்டல்களின் குளியலறைத் தண்ணீர் அடியில் கசிந்து அத்திவாரத்தை இளக்குகிறது. பாலைவனக் கோட்டை ஒன்று தண்ணீர் கூடிப்போய் ஆபத்தில் இருக்கிறது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பிறகு கடிசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டில் மழைத்தண்ணீரைத் தேக்க வெட்டியது, ஊர் முழுக்க அதைத்தான் குடித்தது. இன்று பஞ்சாபிலிருந்து 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவருகிற இந்திரா காந்தி கால்வாய் நிலைமையை மாற்றிவிட்டது.

இதைவிட முக்கியமான ஒன்று, சுற்றுலாப் புத்தகங்களில் அநேகமாக ஒற்றை வரியோடு போய்விடுவது, காடின். பாலிவால் சமூகத்தார் 15ஆம் நூற்றாண்டளவில் வளர்த்தெடுத்த விவசாய முறை. மேலே கல்லும் சரளையுமான பெரிய சரிவு, கீழே தாழ்ந்த நிலம், அந்தத் தாழ்வின் ஓரத்தில் குறுக்காக நீண்ட மண் வரம்பு. வருடத்தில் விழுகிற அந்தச் சில மழையும் சரிவெல்லாம் வடிந்து வரம்புக்குள் தேங்கும், மெதுவாக மண்ணுக்குள் இறங்கும், தண்ணீர் வற்றின ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள், அதற்குப் பிறகு ஒரு துளி மழை வேண்டியதில்லை. நம் தோட்டங்களில் கான் வெட்டுவதன் நோக்கம், மேல்மண்ணை அடித்துப் போகாமல் தண்ணீரைப் பக்குவமாகக் கீழே அனுப்பிவிடுவது. அங்கே அதே சரிவு, அதே மண்வெட்டி, நோக்கம் மட்டும் தலைகீழ்: ஒரு சொட்டும் கீழே போய்விடக் கூடாது. கான் வெட்டிப் பழகிய ஒருவர் அந்த வரம்பின் மேல் நின்றால், எந்த இடத்தில் உயரம் கூட்டியிருக்கிறார்கள், மிஞ்சிய தண்ணீர் போக எங்கே வழி விட்டிருக்கிறார்கள் என்று தானாகவே தேட ஆரம்பித்துவிடுவார். உங்கள் ஓட்டோக்காரரிடமோ தங்குமிடத்திலோ "காடின் பார்க்கணும்" என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் குறைவு என்பதால் ஒரு தடவை வியப்பாகப் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு போனால் பயிர் நிற்பதைப் பார்க்கலாம்.

சாம் மணல்மேடுகளுக்குப் போகிற வழியில் குல்தாரா இருக்கிறது, அதே பாலிவால்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுவிட்டுப் போன ஊர். ஒரே இரவில் எல்லோரும் போனார்கள், சாபம் விட்டார்கள், பேய் இருக்கிறது என்று கதை சொல்லுவார்கள். கிணறு வற்றியிருக்கலாம் என்கிற கதையில் சுவாரசியம் குறைவு, அதனால் அதை யாரும் விற்பதில்லை.

வழியில் நிற்கிற அந்த முள் மரத்தையும் பாருங்கள், கேஜ்ரி என்பார்கள், நம் வன்னி மரம்தான். 1730இல் ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லியில் இந்த மரங்களை வெட்ட வந்தபோது அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார், அவரோடு சேர்த்து பிஷ்ணோய் சமூகத்தார் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அதன் காய்தான் சாங்கிரி, கேர் என்கிற இன்னொரு செடியின் காயோடு சேர்த்துக் கேர் சாங்கிரி என்று சமைத்துத் தருவார்கள், கம்பு ரொட்டியோடு சாப்பிட்டுப் பாருங்கள். ரொட்டியும் காரமும் சாப்பிட்டே வளர்ந்த நமக்கு அந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்காமல் போக வாய்ப்பில்லை. தேத்தண்ணி விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், பாலிலேயே கொதிக்க வைத்து இஞ்சியும் சீனியும் அள்ளிப் போட்டுத் தருவார்கள். குளிர் காலைக்கு நன்றாகத்தான் இருக்கும், நம் சாயத்தண்ணியின் ருசியை அதில் தேடாதீர்கள்.

படி 8: மணலில் ஒரு இரவு

சாம் மணல்மேடுகள் ஊரிலிருந்து 40 கிலோமீற்றர் அளவில் மேற்கே. பெரிய மேடுகள், ஆனால் சாயங்காலத்தில் நூற்றுக்கணக்கான ஒட்டகம், ஜீப், ஒலிபெருக்கி. கூரி என்கிற கிராமம் தென்மேற்கே 50 கிலோமீற்றர் அளவில், மேடுகள் சற்றுச் சிறியவை, சத்தம் குறைவு. நான் கூரிக்கே வாக்களிப்பேன். எங்கே தங்கினாலும் பதிவு செய்யுமுன் இந்த மூன்றையும் கேளுங்கள்: இரவில் டீஜே உண்டா, எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள், கூடாரத்திலிருந்து மணல்மேட்டுக்கு நடந்து போகலாமா. மங்கணியார் சமூகத்துக் கலைஞர்கள் கமாய்ச்சா என்கிற வில் வாத்தியம் வாசித்துப் பாடுகிற இடம் கிடைத்தால் விடாதீர்கள். மைக் இல்லாமல் கேட்டால் இன்னும் நல்லது.

ஒட்டகம்: ஒரு மணி நேரம் போதும், இரண்டாவது மணியில் தொடை உரசி எரிய ஆரம்பிக்கும். அது எழும்பும்போது பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும், நீங்கள் முன்னால் கவிழப் பார்ப்பீர்கள், ஆகவே பின்பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும், அப்போதும் பின்பக்கம்தான் சாயணும். விலையை ஏறுமுன் பேசி முடியுங்கள்.

மணல்மேட்டில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. காற்று வந்து மோதுகிற பக்கம் சாய்வு குறைவு, மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து விழுகிற பக்கம், 32, 34 பாகைச் சரிவு, அதற்கு மேல் மணல் நிற்காது, சறுக்கிவிடும். நேரே அந்தப் பக்கமாக ஏறினால் ஓரடி வைத்து முக்காலடி இறங்குவீர்கள். காற்றுப் பக்கமாக வந்து, உச்சியின் விளிம்பைப் பிடித்து நடங்கள். இறங்குவதற்குச் சரிவுப் பக்கம்தான், குதிகாலை ஊன்றி ஓடினால் பெரியவர்களும் பிள்ளைகளாகிவிடுவார்கள். மேட்டின் வடிவத்தைப் பார்த்தே காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லப் பழகுங்கள், அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்ல மாட்டீர்கள்.

தனியாகத் தூரம் போகாதீர்கள். காலடித் தடத்தைப் பார்த்துத் திரும்பி வரலாம் என்று நம்பவும் வேண்டாம், காற்று எழும்பினால் தடம் போய்விடும். போன் கோபுரமோ கூடார வெளிச்சமோ ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டு நடங்கள், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். புழுதி எழும்பினால் அந்த இடத்திலேயே முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

சூரிய அஸ்தமனத்துக்குக் கூடுகிற கூட்டம் ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். அதற்குப் பிறகுதான் உங்கள் நேரம். காது முதலில் குழம்பும். தவளை, சில்வண்டு, தகரத்தில் விழுகிற மழை என்று நம் இரவு எப்போதும் சத்தம் நிறைந்தது, அங்கே காற்று நின்றால் உங்கள் மூச்சுதான் கேட்கும். சிலருக்கு அது பயத்தைக் கொடுக்கும், சிலர் அதற்காகவே திரும்பத் திரும்பப் போகிறார்கள். முதல் இரவிலேயே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

காலையில் ஒரு சூட்சுமம். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், ஆனால் ஜெய்சல்மேர் மேற்கே தள்ளி இருப்பதால் தை மாதத்தில் ஏழரை மணியளவில்தான் சூரியன் வரும். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கூடுவதற்கு) விடியற்காலையிலேயே எழுந்து பழகிய வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய சலுகை: ஆறரைக்கு எழும்பினாலும் மேட்டுக்கு முதல் ஆள் நீங்கள்தான். அந்த நேரத்தில் சாய்வான வெளிச்சத்தில் மணலின் அலைவரி ஒவ்வொன்றும் நிழல் போட்டு நிற்கும், இரவில் நடந்த வண்டு, பல்லி, எலி, நரி எல்லாவற்றின் தடமும் அப்படியே இருக்கும். ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பாருங்கள். சில நேரம் இரண்டு தடம் சேர்ந்து ஒன்று மட்டும் திரும்பிப் போயிருக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு வெளிச்சம் தட்டையாகிவிடும், காற்றும் எழும்பி எல்லாவற்றையும் அழித்துவிடும்.

படி 9: உடம்பு

குளிர்காலத்தில் தாகம் தெரியாது, வியர்வையும் தெரியாது. காய்ந்த காற்றில் அது உடனே ஆவியாகிவிடும். ஆகவே தாகத்தை நம்பாமல் நாளைக்கு 3, 4 லீற்றர் குடியுங்கள். தலைவலி, கடும் மஞ்சள் சிறுநீர், எரிச்சல் வந்தால் நிழலில் உட்கார்ந்து ஜீவனி கரைத்துக் குடியுங்கள். பிரஷருக்கோ சீனிக்கோ மருந்து எடுக்கிறவர்கள் போகுமுன் டொக்டரிடம் தண்ணீர் அளவைக் கேட்டுக்கொள்வது அவசியம். காலையில் சப்பாத்தைத் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். சுருட்டை விரியன் உள்ள ஊர், இருட்டில் டோர்ச் இல்லாமல் புதர்ப் பக்கம் போகாதீர்கள். நிலவுக்கு ஆசைப்பட்டு டோர்ச்சை அணைப்பது வெறும் மணலில் மட்டும்.

படி 10: திரும்பும் வழியில்

ஜெய்சல்மேரிலிருந்து 17 கிலோமீற்றர் அளவில் அகல் என்ற இடத்தில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. நம் சிவனொளிபாதமலைக் காடு மாதிரி ஈரமும் உயர மரமும் நிறைந்த காடு அங்கே நின்றதற்கு அதுதான் சாட்சி. இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் சில பெரிய அடிமரங்கள், சுற்றிலும் வெறும் கல். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம், அநேகர் போவதில்லை, நீங்கள் ரயிலுக்கு முன் ஒரு ஓட்டோ பிடித்துப் போய் வாருங்கள். தரையில் சின்னத் துண்டுகள் கிடக்கும், வாசலில் எடுத்து விற்கவும் ஆள் இருக்கலாம், ஒன்றையும் தொடாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். வீட்டில் கேட்டால் காட்டப் படம் போதும். சப்பாத்தையும் பையின் மடிப்புகளையும் ஹோட்டலிலேயே நன்றாக உதறிவிட்டுக் கிளம்புங்கள், மிஞ்சுகிற மணல் ஸிப்பைக் கெடுத்துவிடும்.